அதுக்கப்பால எனக்குத் தெரியாது

அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. ஒரு தடவை பேர் எழுதி நான் பட்டது போதும். அந்தக் கதையும் இதிலேயே வரும், அவசரப்படாதீர்கள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா என்றே எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் குன்று. பெரிய உயரம் ஒன்றும் இல்லை. ஆனால் உச்சியில் மூன்று பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நடுப்பாறை அடிப்பாறையைத் தொடுகிற இடம் ஒரு சோத்துத்தட்டு அகலம்தான். பார்க்கிறவர்களுக்குத் தானாகவே கை மேலே போகும், தாங்கிப் பிடிக்கிற மாதிரி. அதற்குக் கீழே, குன்றின் வயிற்றில், பெரிய பொந்து. திருமலைக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற வேலூர், ஆற்காடு பக்கத்துப் பஸ்கள் இங்கே வந்து நிற்கும். மொட்டைத் தலையில் பூசின சந்தனம் காய்வதற்குள் இறங்குவார்கள்.

நான் அடிவாரத்தில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிறவள். அக்கா டார்ச் அடித்து ஆட்களைப் பொந்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறவள். டார்ச்சுக்குப் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பாள். குட்டையான உடம்பு, நல்ல அகலம். உள்ளே போகிறவர்கள் வாசலில் செருப்பை வரிசையாக விடவேண்டும். ஜோடியை எண்ணிக்கொண்டுதான் கூட்டிப்போவாள். வெளியே வந்து கடைசி ஜோடியை ஆள் மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டாள்.

அவளிடம் இருந்த குணம் ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டாள்.

கேட்க நல்லாத்தான் இருக்கும். கூட இருந்து பார்த்தால் தெரியும்.

பஸ்காரர்கள் பாறையைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்கள். "இன்னாம்மா, இந்தக் கல்லு அச்சு அசலா யானையாட்டம் இருக்குது?"

"உங்களுக்கு யானை. முன்ன வந்த பஸ்ஸுக்கு நந்தி. எனக்குக் கல்லு."

"பீமன் தூக்கி வெச்சான்னு சொல்றாங்களே?"

"நான் வர்றப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

ஒருநாள் ஜீப்பில் ஒரு பெரிய ஆபீசர் வந்தார். கூட நாலு பேர், ஃபைலைத் தூக்கிக்கொண்டு. பாறைக்கு எத்தனை வயசு இருக்கும் என்று தெலுங்கில் கேட்டார். அக்கா தமிழில் சொன்னாள்: "அத என்ன கேட்டா? என் வயசே ரேஷன் கார்டுல ஒண்ணு, ஓட்டு கார்டுல ஒண்ணு இருக்குது." கூட வந்தவர்கள் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆபீசர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் அவர்களும் சிரித்தார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை. வெள்ளைக்காரர் காலத்து வேதக்கோயில், ஓடு போட்டது. அங்கே மூன்றாவது வரைக்கும் நடத்தின பள்ளிக்கூடத்தில்தான் நான் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டேன். அவள் அதுவும் இல்லை, கைநாட்டு. கோயில் முடிந்து வாசலில் பெண்கள் கூடி நின்று பேசினால், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்று வந்தால், அக்காவைக் கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிட்டால், "நீ பார்த்தியா?" என்று கேட்பாள். அதோடு பேச்சு செத்துப்போகும்.

எனக்கே ஒரு தடவை அப்படிச் செய்தாள். சித்திரை மாசம், காய் வரத்து அதிகம். நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் என் மாங்காய்க் கூடை காணோம். எடுத்தது எதிர்க்கடை சர்பத்துக்காரன்தான் என்று எனக்கு நிச்சயம். அவனுக்கும் எனக்கும் நிழல் தகராறு இருந்தது, ஒரே புளியமரம். அக்கா மேலே இருந்து பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லு என்று கூப்பிட்டேன்.

"கூடைய தூக்கிக்கினு போனவன் முதுகத்தான் பார்த்தேன். முதுகுல மூஞ்சி இல்லடி."

"சட்டை அவன் சட்டைதானே?"

"பச்ச சட்ட. சட்டைக்காரன் அவனான்னு தெரியாது."

"எனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா அக்கா?"

"உனக்காக வேற எது வேணா செய்யறேன்."

ஆடி மாசம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அவள் தினமும் போகிறபோது, "ஏண்டி, துன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் மாங்காயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கூடையை யார் எடுத்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

பொந்துக்குள் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். வாசலில் குனிந்து போகவேண்டும். பத்தடி போனால் நிமிரலாம், எங்கள் கோயில் அளவுக்கு ஒரு கூடம். கூரையில் ஒரு ஓட்டை. உச்சி வேளைக்கு அது வழியாக வெயில் கம்பு மாதிரி நேராக இறங்கும். அந்த நேரத்தில் எவ்வளவு வாயாடி வந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். கூடத்தின் கடைசியில் பாறை இரண்டாகப் பிளந்து ஓர் இடுக்கு, ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம். அங்கே போனதும் அக்கா டார்ச்சை அணைத்துவிடுவாள்.

"அவ்ளோதான். திரும்புங்க."

"உள்ள இன்னா இருக்குதும்மா?"

"அதுக்கப்பால எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்கு நான் ஆளக் கூட்டிக்கினு போவறதில்ல."

வயசுக் காலத்தில் ஒரு தடவை அரிக்கேன் விளக்கோடு அந்த இடுக்குக்குள் போயிருக்கிறாள். இருபது அடி போவதற்குள் விளக்கு சுருங்கிச் சுருங்கி நீலமாகி அணைந்துபோனது. காற்று வீசாத இடத்தில் அணைந்தது. பின்பக்கமாகவே தவழ்ந்து வந்து வெளியே விழுந்தாளாம். "ஏன் அணைஞ்சுது அக்கா?" என்று கேட்டேன். "தெரியாது. அணைஞ்சுது. அது தெரியும்" என்றாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அஞ்சாறு வருசம் முன்னால் குன்றைக் குத்தகைக்கு எடுத்து ஒருத்தர் வந்தார். வாசலில் இரும்புக் கேட்டு போட்டார், டிக்கெட் போட்டார், செல்ஃபி எடுக்க இரும்பில் இதயம் ஒன்று செய்து நட்டார். வருகிறவர்களில் பாதி தமிழ்நாட்டு ஆட்கள், தமிழில் ஒரு போர்டு வேண்டும் என்றார். அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நீலப் பெயின்டும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எழுதினேன். இரண்டே எழுத்து. கவி. பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

எங்கள் பக்கத்தில் யாரும் குகை என்று சொல்வதில்லை. தெலுங்குக்காரர்கள் சொல்கிற பேரைத்தான் நாங்களும் சொல்வோம், கவி என்று. 'கோவிந்தா' என்று கூப்பிடும்போது வருமே, அந்தக் 'க' அதற்கு. தமிழில் அதற்கும் இதற்கும் ஒரே எழுத்து. நான் என்ன செய்வேன்?

இறங்கின முதல் பஸ்ஸிலேயே ஒருத்தர் கேட்டுவிட்டார், கண்ணாடி போட்டவர், வாத்தியாராக இருக்கவேண்டும். "எந்தக் கவிங்க? எந்தக் காலத்தவர்?" குத்தகைக்காரர் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் பல்பு எரிந்ததை நான் பார்த்தேன். "சால பெத்த கவி சார், ரொம்பப் பெரியவரு. ரொம்பப் பழைய காலம்" என்றார்.

அன்றைக்குப் பிறந்தான் அந்தக் கவிஞன். மாசத்துக்கு மாசம் வளர்ந்தான். முதலில் பாடினான், அப்புறம் ஊமையாக இருந்து பாடினான், அப்புறம் ராஜாவைத் திட்டிப் பாடிவிட்டு ஓடிவந்து ஒளிந்தான். திருப்பதியில் சொல்லி ஒரு சிலை செய்து கூடத்தில் வைத்தார்கள். தாடி, கையில் ஓலை. பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று ஆட்கள் அதன் காலடியில் பேனா வைக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் மாங்காய் நன்றாகப் போயிற்று. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அக்கா மட்டும் கூடத்தில் நின்று, சிலை மேல் டார்ச் அடித்து, "இது போன தையில வெச்சது. இங்க கவிஞன் எவனும் இருந்ததா நான் பார்க்கல, கேக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேனா கொண்டுவந்தவர்களுக்கு வயிறு எரியும். என்னிடம் வந்தாள்.

"நீ எழுதின எழுத்து. நீயே போய் அழி."

"என் எழுத்துல இன்னா தப்பு? ஒரு புள்ளி தப்புன்னு யார்னா சொல்லட்டும்."

"எழுத்து சரிதாண்டி. படிக்கறவனுக்கு வேற ஆளு தெரியறான் அதுல."

"அதுக்கு நான் இன்னா பண்றது? நான் எழுதனத நான் அழிக்க மாட்டேன்."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அழி என்றால் அழித்துவிடுவேனா?

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குத்தகைக்காரருக்கு ஆசை உள்ளே போயிற்று. அந்த இடுக்குக்கு அப்பால்தான் கவி உட்கார்ந்து எழுதின அறை, நல்ல நாள் பார்த்துத் திறக்கப்போகிறோம், தனி டிக்கெட் என்று பேப்பர் அடித்து ரோடெல்லாம் ஒட்டினார். அக்காவை அவர் பெத்தம்மா என்பார், தெலுங்கில் பெரியம்மா. அவளிடம், நீதான் கூட்டிப்போகணும் என்றார்.

"அதுக்கப்பால எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி இன்னா பெத்தம்மா? பத்து பத்து பேரா கூட்டிக்கினு போ, ஒரு சுத்து சுத்திட்டு வா."

"வெளக்கு அணைஞ்ச எடத்துக்கு மனுசங்கள கூட்டிக்கினு போவ மாட்டேன்."

"அப்ப டார்ச்ச குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

டார்ச் அவளுடையது. கொடுக்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

திறக்கிற நாள் காலையில் கேட்டு திறப்பதற்கு முன்னாலேயே மேலே ஏறிவிட்டாள். நாலு பஸ் கூட்டம் மைக்கோடு கூடத்துக்குள் நுழைந்தபோது, அக்கா அந்த இடுக்குக்குள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்றால், அடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் அவள், காலை நீட்டிக்கொண்டு, மடியில் டார்ச். மூடி போட்ட மாதிரி. நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன், பெருமைக்கு ஒன்றும் இல்லை.

குத்தகைக்காரர் முதலில் கெஞ்சினார். அப்புறம் கத்தினார். காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரப் பெண்ணைக் கூப்பிட்டார். சின்னப் பெண், வியர்த்துப்போயிருந்தாள். "அம்மா, லேவண்டி" என்று கையைப் பிடித்தாள். எழுந்திருங்கள் என்கிறாள்.

"ஏந்துக்கறேன் கண்ணு. உள்ள இன்னா இருக்குதுன்னு யாரானும் ஒருத்தர் போய்ட்டு வந்து சொல்லட்டும். அப்ப ஏந்துக்கறேன்."

போலீஸ்காரப் பெண் குத்தகைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "மீரு சூசாரா?" என்று கேட்டாள். நீங்கள் பார்த்தீர்களா?

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஆனா கோயிலுக்குப் போறியே, அங்க சொல்றதெல்லாம் நீ கண்ணால பார்த்தியா? அத மட்டும் எப்படி சொல்ற?"

 எங்கள் சபை ஐயரிடம் கேட்டாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பார்.

அக்கா நிதானமாகச் சொன்னாள். "பார்க்கல. அதான் விசுவாசிக்கிறேன்னு சொல்றேன். வாரா வாரம் எல்லாரும் நின்னுக்கினு அப்படித்தான் சொல்றோம். பார்த்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நீயும் அப்படி எழுது. இங்க ஒரு கவி இருந்தாருன்னு நான் விசுவாசிக்கிறேன்னு எழுதி, கீழ உன் பேரப் போடு. சிலைய பத்தி நான் அதுக்கு மேல வாய் தொறக்கல. ஆனா இந்த எடுக்குக்கு உள்ள மூச்சு விடற காத்து விசுவாசத்துல வராது."

கூட்டத்தில் சிரிப்பு. குத்தகைக்காரருக்கு முகம் கறுத்தது. என் போர்டைக் கழற்றிக்கொண்டுவரச் சொன்னார். வெயிலில் பெயின்ட் உரிந்து, நீலம் வெளுத்துப்போயிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தார். "இத பாருங்க. பழைய காலத்துல பெரியவங்க எழுதி வெச்சது. கவின்னு தமிழ்ல இருக்குது. இந்தக் கெழவிக்குப் படிக்கத் தெரியாது, அதான் இப்படிப் பேசுது."

பெரியவர்கள் எழுதினது! அவரே வாங்கிக் கொடுத்த பெயின்ட்!

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் முறைத்துக்கொண்டு சும்மா நின்றிருப்பேன்.

"அத எழுதுனது நான்" என்றேன். என் குரல் கூடத்தில் எழுந்து எனக்கே திரும்பி வந்தது. "நீதான் பெயின்ட் குடுத்த. கவின்னா எங்க ஊர்ல குகை. கவிஞனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. எழுத்து சரி. படிச்சவங்க தப்பு."

கடைசி வார்த்தையை விட்டிருக்கலாம். விடவில்லை.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வயசான ஆள் ஒருத்தர், மொட்டைத் தலையோடு, கையில் பேனாவை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப போன வருசம் என் பேத்திக்குப் படிப்பு வரணும்னு இங்க வேண்டிக்கினேனே, அது எங்க போச்சும்மா?" என்று அக்காவைக் கேட்டார்.  வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

"எனக்குத் தெரியாது நைனா. கொழந்த நல்லா படிக்குதா?"

"படிக்குது."

"அது போதாதா?"

குத்தகைக்காரர் செல்ஃபோன் லைட்டைப் போட்டுக்கொண்டு, நானே போகிறேன், நகரு என்றார். அக்கா காலை மடக்கிக்கொண்டு, பாறையோடு ஒட்டி அவருக்கு வழி விட்டாள். "முட்டிக்கிட்ட காத்து கனக்கும். கனத்தா திரும்பிடு, வீராப்பு வேணாம்" என்றாள். அவர் உள்ளே போனார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வாரா வாரம் நாங்கள் நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம்கூட இல்லை. இருமிக்கொண்டு திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்தாள்.

"உள்ள இன்னா இருக்குது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியல" என்றார்.

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்று அக்கா தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

இடுக்குக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். அந்த வரைக்கும் அவள் ஜெயித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து அவளைக் கேட்டுக்குள் விடவில்லை. சிலை அங்கேயேதான் இருந்தது. என் போர்டு இருந்த இடத்தில் கலரில் பெரிய ஃப்ளெக்ஸ் வந்தது, தாடியோடு. நாலு பஸ் ஆட்களுக்கு உண்மை தெரிந்தால் ஆயிற்றா? ஐந்தாவது பஸ் வந்துகொண்டேதானே இருக்கிறது.

இரண்டு மாசம் போனது. புதிதாகப் போட்ட ஆட்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லை. வௌவாலுக்குப் பயந்து ஒருத்தன், வழுக்கி விழுந்து ஒருத்தன். குத்தகைக்காரர் அக்கா வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. நானும் அங்கே இருந்தேன், அவளுக்கு மூட்டுவலி, தைலம் கொண்டுபோயிருந்தேன்.

"பெத்தம்மா, நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கதைய ஸ்பீக்கர்ல போட்டுர்றேன். நீ டார்ச்ச மட்டும் புடி. யார்னா உன்ன பார்த்து, ஆமாவான்னு கேட்டா லேசா தலைய ஆட்டு. வாயே தொறக்காத."

அக்கா அந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, "நறுக்குடி, வந்தவருக்குக் குடு" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "வாய் மட்டும்தான் என்னுதுன்னு நெனச்சியா? தலையும் என்னுதுதான்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா பொந்துக்குள் போகவே இல்லை. வயசில் பாதிக்கு மேல் தினமும் குனிந்து நுழைந்தவள். என் கடை ஓரமாக, புளியமரத்தடியில், வெறுமனே உட்கார்ந்திருப்பாள். உச்சி வேளை வந்தால் மட்டும் தலை தானாக மேலே குன்றின் பக்கம் திரும்பும்.

ஒரு நாள் அப்படித் திரும்பினபோது கேட்டேன். "கஷ்டமா இல்லயா அக்கா?"

இல்லை என்பாள் என்றுதான் நினைத்தேன். எவனுக்கு வேணும் அந்தப் பொந்து என்று வீராப்பாக ஏதாவது சொல்வாள், நானும் கூடச் சேர்ந்து இரண்டு திட்டு திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"இருக்குதுடி. ரொம்ப இருக்குது" என்றாள்.

ஆற்காட்டுப் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேலே கவிஞன் எவனையும் தான் பார்த்ததில்லை என்று முதலில் இறங்குகிறவர்களிடம் சொல்வதற்காக அதன் கதவைப் பார்த்து நடந்தாள்.